தூண்டில் தடியின் நூற்கட்டுக்கு எதைப் பூசுவது: எபொக்சியா, வார்னிஷா, யூரித்தேனா?

போன மாதம் ஒரு தம்பி தன் தடியைப் பழைய சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். கரையில் நின்று பாரைக்கு வீசுகிற 10 அடி காபன் தடி. தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களை அவனே தடியில் நூலால் கட்டியிருக்கிறான். நூலோடு நூல் ஒட்டி, இடைவெளி என்று ஒன்றுமில்லாத கட்டு. ஆனால் மேலே ஒரு சொட்டுப் பூச்சு இல்லை.

"ஒருத்தர் எபொக்சி என்கிறார், ஒருத்தர் வார்னிஷ் என்கிறார், வாழைச்சேனையில் போட் செய்கிற ஒருத்தர் ரெசினே போதும் என்கிறார். மூன்று மாதமாகத் தடி மூலையில் நிற்குது அண்ணன்."

இந்தக் கேள்வியோடு தடியை மூலையில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கட்டத் தெரியும், பூசத்தான் பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கட்டுப் பிழைத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றலாம். பூச்சுப் பிழைத்தால் கட்டும் போகும், சில நேரம் தடியும் போகும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வளையத்தைத் தடியில் பிடித்து வைத்திருப்பது நூல்தான். பூச்சின் வேலை அந்த நூலைக் காப்பது. வெறும் நைலோன் நூலை வெயில் நாளடைவில் பலவீனப்படுத்தும். மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தின் இரும்புக் கம்பியில் தடியைச் சாய்த்து வைத்தால் ஓரிடத்தில் நூல் அறுபடும். ஓரிடத்தில் அறுந்தால் முழுக் கட்டும் கழன்று வரும்.

மினுக்கத்தை யோசிக்க முதல் இவற்றைப் பாருங்கள்.

உப்புத்தண்ணீர் எங்கே புகுகிறது. வளையத்தின் கால் (தடியில் படிந்து நூலுக்கு அடியில் போகிற பகுதி) நூலுக்குள் நுழைகிற இடத்தில், காலின் இரண்டு பக்கமும் ஊசி நுழைகிற அளவு பொந்து இருக்கும். கடல் தண்ணீர் அதற்குள் போனால் வெளியே வராது. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கிற வளையமும் காற்றுப் படாத ஈரத்தில் துருப்பிடிக்கும், ஏனென்றால் அதைக் காக்கிற மெல்லிய படலம் நிலைக்க ஒட்சிசன் வேண்டும். காபன் தடியில் இது இன்னும் வேகம். காபனும் எஃகும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்து எஃகைத் தின்னும். ஆகவே பூச்சு அந்தப் பொந்துக்குள் ஓடி அடைக்க வேண்டும்.

வளைவு. தடி வளையும்போது பூச்சும் கூட வளைய வேண்டும். கண்ணாடி மாதிரி விறைத்த பூச்சு கால் முடிகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். வெடிப்பு வந்த பிறகு மேலே சொன்ன கதைதான்.

நம்முடைய காலநிலை. போத்தலில் எழுதியிருக்கிற நேரமெல்லாம் குளிர் நாட்டு வீட்டுக்குள் அளந்த நேரம். மாரியில் இங்கே காற்றே ஈரம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலத்தில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் மணலும் சேர்ந்து வரும்.

திரும்பக் கழற்ற முடியுமா. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடல் தடியின் வளையம் ஆயுள் முழுக்க நிற்காது. உள் வளையம் உடையும், கால் துருப்பிடிக்கும். என்றோ ஒருநாள் அந்தக் கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அன்றைக்குத் தடிக்குச் சேதமில்லாமல் அவிழ்க்க முடிகிறதா என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

விலையும் கிடைப்பதும் அதற்குப் பிறகு.

## எபொக்சி

கடையில் வாங்குகிற தடிகளில் கண்ணாடி மாதிரி மினுங்குவது பெரும்பாலும் இதுதான். ஒரு போத்தலில் ரெசின் (பிசின்), மற்றதில் அதை இறுக்குகிற ஹார்ட்னர், கன அளவில் சரிக்குச் சரி. தடி கட்டுவதற்கென்றே செய்த எபொக்சி (ஃபிளெக்ஸ் கோட், திரெட் மாஸ்டர் போன்றவை) இரண்டு வகையில் வருகிறது. ஒன்று தடித்தது, ஒரு தரம் அல்லது இரண்டு தரம் பூசினால் போதும். மற்றது மெல்லியது, இரண்டு மூன்று தரம் வேண்டும்.

இரண்டில் ஒன்று என்றால் நான் மெல்லியதைத்தான் சொல்வேன். அது நூலுக்குள் ஊறும், பொந்துக்குள் ஓடும், குமிழி லேசாக வெளியேறும். தடித்தது மேலே நின்று நூல் வரியை மூடி வழவழப்பாக்கிவிடும், பார்க்க அழகு. ஆனால் அடியில் காற்று அடைபட்டிருப்பது தெரியாது. நுனிப் பக்கத்து வளையங்களில் பாரமும் கூடும். நுனி பாரமான தடி வீசும்போது தொங்கலாகத் தெரியும். தடித்தது பொருந்துகிற இடமும் உண்டு: பாலத்தில் இருந்து பெரிய ஈயம் போட்டு இறக்குகிற தடி, போட்டில் கிடந்து அடிபடுகிற தடி. அங்கே பாரத்தை யாரும் பார்ப்பதில்லை, உரசலுக்குத்தான் தாங்க வேண்டும்.

இனி மறைந்திருக்கிற செலவுகள். எபொக்சியில் இவைதான் ஆளை விழுத்துவது.

முதலாவது அளவு. ஒரு தடிக்கு ஒரு தரம் பூச 3 மில்லிலீற்றர் ரெசினும் 3 மில்லிலீற்றர் ஹார்ட்னரும் போதும். அதைவிடக் குறைத்துக் கலக்காதீர்கள். ஒரு மில்லிலீற்றர் கலக்கும்போது ஒரு சொட்டுப் பிசகினாலும் பூச்சு பிசுபிசுத்தே கிடக்கும். 2 அவுன்ஸ் போத்தல் இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 118 மில்லிலீற்றர். தடிக்கு இரண்டு தரம் என்று வைத்தால் ஒன்பது தடிக்கு வரும். ஒரு தடிக்காக மட்டும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எடுப்பித்தால் கை கடிக்கும். நாலு பேர் சேர்ந்து எடுங்கள். ஹார்ட்னர் ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளாகத் தொடங்கும், ஆகவே பத்திரப்படுத்தி வைப்பதில் லாபமில்லை.

இரண்டாவது சிரிஞ்ச். பாமசியில் வாங்குகிற சிரிஞ்சின் கறுப்பு ரப்பரில் சிலிக்கன் எண்ணெய் இருக்கும். அது கலந்தால் பூச்சு நூலில் ஒட்டாமல் ஒதுங்கி, வட்ட வட்டமாகப் பள்ளம் விடும். ரப்பர் இல்லாத, முழுவதும் பிளாஸ்டிக்கில் செய்த சிரிஞ்ச் தேவை.

மூன்றாவது சூடு. 25 பாகையில் 20 நிமிடம் கையாளலாம் என்று எழுதியிருந்தால், நம்முடைய மத்தியானம் 33 பாகையில் 12 நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். கலந்த கோப்பையிலேயே வைத்தால் தன் சூட்டில் தானே இறுகும். கலந்து முடிந்தவுடன் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். சூடு பிரிந்து நேரம் நீளும், குமிழியும் போகும். சூட்டால் ஒரு நன்மையும் இருக்கிறது. எபொக்சி தண்ணியாக ஓடி நன்றாகச் சமப்படும்.

நாலாவது ஈரம். மாரியில் திறந்த விறாந்தையில் பூசினால் மறுநாள் மேலே எண்ணெய் பட்டது போல ஒரு மங்கல் படலம் இருக்கும். ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விடுகிற படலம் அது. சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் போகும், ஆனால் துடைக்காமல் அடுத்த பூச்சைப் பூசினால் இரண்டும் ஒட்டாது. நான் மாரியில் பூசும்போது அறையைப் பூட்டி, தடியை நீளமான மட்டைப் பெட்டிக்குள் வைத்து, பழைய குண்டு பல்ப் ஒன்றைப் பெட்டிக்குள் தாளில் படாத தூரத்தில் எரிய விடுவேன். உள்ளே ஈரப்பதம் இறங்கும். வெளியே மட்டும் விளக்குப் போட வேண்டாம். முதல் மழைக்கு வருகிற ஈசல் எல்லாம் பூச்சில்தான் வந்து குடியேறும்.

ஐந்தாவது சுழற்சி. எபொக்சி வழியாமல் இருக்க 3, 4 மணித்தியாலம் தடி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். மைக்ரோவேவின் தட்டைச் சுற்றுகிற மோட்டர் நிமிடத்துக்கு 5, 6 சுற்று. மெல்லிய பூச்சுக்கு அது போதும். திருத்துகிற கடையில் மோட்டரை மட்டும் கேட்டு வாங்குங்கள். பெட்டியை நீங்களே திறக்கப் போக வேண்டாம், உள்ளே இருக்கிற கபாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும். மோட்டர் வந்தாலும் கரண்ட் வேண்டுமே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததல்லவா, அந்த நாட்களில் ஒரு தடியைப் பூசி மோட்டரில் ஏற்றி அரை மணித்தியாலத்தில் வீடு இருண்டது. விடிய 2 மணி வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் திருப்பினேன். நடுவில் கண் அயர்ந்த நேரம் எவ்வளவு என்று தடியைப் பார்த்தாலே சொல்லலாம். ஐந்து வளையத்தின் அடியில் தாடி மாதிரித் தொங்கி இறுகியிருந்தது.

கழற்றுவது: ஹெயார் டிரையரால் சூடாக்கி, வளையத்தின் காலுக்கு மேலே, அதாவது அடியில் இரும்பு இருக்கிற இடத்தில் மட்டும், பிளேட்டால் மெல்லச் சீவி நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். தடியின் மேல் பிளேட் பட்டால் காபன் நார் வெட்டுப்படும், அந்த இடத்தில் தடி ஒருநாள் முறியும். லைட்டர் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். சூடு கூடினால் தடியின் ரெசினே கெடும் என்பதை மறக்க வேண்டாம். முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

கையுறை போடுங்கள். எபொக்சி சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும். ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும்.

## வார்னிஷ்

எந்த வார்னிஷும் அல்ல. பாய்மர மரத்துக்கென்று வந்த, வெளியில் வெயிலும் மழையும் தாங்குகிற எண்ணெய் வார்னிஷ். டின்னில் கடலுக்கு அல்லது வெளிப்புறத்துக்கு என்று இருக்க வேண்டும். தளபாடத்துக்கு அடிக்கிற லக்கர் மினுங்கும், ஆனால் வளைந்தால் நொறுங்கும்.

முதல் பூச்சை டர்பன்டைன் சேர்த்துத் தண்ணியாக்கி நூலுக்குள் ஊற விடுங்கள். பிறகு மெல்லிசாக ஐந்து ஆறு தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். மோட்டர் தேவையில்லை. பூசிய பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் திருப்பினால் போதும், மெல்லிய பூச்சு வழியாது. கரண்ட் போனாலும் கவலையில்லை.

இதன் செலவு காசில் அல்ல, நாளில். ஆறு தரம் பூசி, பிறகு நன்றாக இறுக இரண்டு கிழமை விட்டால் மூன்று கிழமை போய்விடும். மாரியில் அதுவும் நீளும். இரண்டாம் நாளும் தொட்டால் விரல் ஒட்டும், அவசரப்பட்டு அடுத்ததைப் பூசினால் அடியில் உள்ளது காயவே காயாது. கச்சான் காலத்தில் கடகடவென்று காயும், ஆனால் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் யன்னலைச் சாத்தாவிட்டால் உப்புத்தாள் மாதிரி மணல் பதியும். நிறமும் கொஞ்சம் தேன் நிறமாக மாறும். வெள்ளை நூலுக்கு ஒத்துவராது.

உரசலுக்கு எபொக்சி அளவு தாங்காது. வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து மேலே ஒரு பூச்சுப் பூச வேண்டி வரும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படிப் பூசினால் பழைய வார்னிஷோடு ஒட்டிப் புதிதாகிவிடும். வளையம் மாற்றும்போது காலுக்கு மேலே பிளேட்டால் ஒரு கோடு போட்டால் நூல் சுருள் சுருளாகக் கழன்று வரும். தடிக்கு ஒன்றும் ஆகாது.

மூங்கில் தடி கட்டுகிறவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை. மூங்கில் ஈரத்துக்கு ஏற்ப ஊதிச் சுருங்கும், வார்னிஷ் அதோடு போகும். வாவியில் சின்னத் தூண்டில் போடுகிற மெல்லிய ஃபைபர் தடிக்கும் இது அருமை, நுனியின் உணர்வு குறையாது.

## ஈரத்தில் இறுகும் யூரித்தேன்

ஒற்றைப் போத்தல், தண்ணி மாதிரி. பெர்மா குளொஸ் என்று வருவது இந்த வகை. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். நம்முடைய மாரிக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

மெல்லிசாக, மிகக் கடினமாக, உரசலுக்கு நன்றாக நிற்கும். நூல் வரி தெரியும், சிலருக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் தடிப்பாகப் பூசினால் இறுகும்போது விடுகிற வாயு உள்ளேயே குமிழியாக நின்றுவிடும். மூன்று முதல் ஐந்து தரம், ஒவ்வொன்றும் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். பொந்தை அடைக்க இது மட்டும் போதாது, ஓடிப் போய்விடும்.

உண்மையான செலவு போத்தலுக்குள். ஒருமுறை மூடியைத் திறந்தால் நம்முடைய ஈரக்காற்று உள்ளே போகும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அடியில் ரப்பர்க்கட்டி. சின்னச் சின்னப் போத்தல்களில் கழுத்து வரை நிரப்பிப் பிரித்து வைத்தால் கொஞ்சம் தப்பலாம். நாலைந்து தடியை ஒரே கிழமையில் முடிக்கிறவருக்கு இது நல்லது. வருடத்துக்கு ஒன்று கட்டுகிறவர் முக்கால் போத்தலைக் குப்பையில் போடத்தான் வாங்குகிறார்.

புகையில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கிற பொருள் உண்டு. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

## கைக்கெட்டியவை

போட் ரெசின். வாழைச்சேனைக்காரர் சொன்னது இதைத்தான். ஃபைபர் போட்டுக்கு நார்ப்பாயோடு சேர்த்துப் போடுகிற பொலியெஸ்டர் ரெசின். நார் இருந்தால்தான் அதற்குப் பலம். தனியே இறுகும்போது சுருங்கும், விறைக்கும், வளைந்தால் வெடிக்கும். காற்றுப் படுகிற மேற்பரப்பு பிசுபிசுத்தும் நிற்கும். போட் ஓட்டைக்குப் போடுங்கள்.

ஐந்து நிமிட எபொக்சிப் பசை. நுனி வளையத்தை ஒட்டலாமா என்றால் அதுகூட வேண்டாம் என்பேன். பூச்சாக என்றால் பூசி முடிக்க முதல் இறுகும், வெயிலில் மஞ்சளாகும்.

கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு). நிறமில்லாதது. சிரிக்காதீர்கள், என் தூண்டில் பெட்டியில் எப்போதும் ஒன்று கிடக்கும். முகத்துவாரத்தில் நிற்கும்போது நூல் ஒன்று பிரிந்தால் அன்றைய நாளை ஓட்ட அதைவிட நல்லது இல்லை. வீட்டுக்கு வந்ததும் சரியாகச் செய்யுங்கள்.

சுப்பர் குளு. நூல் நுனியை நிறுத்த ஒரு சொட்டு, சரி. முழுக் கட்டுக்கும் என்றால் நொறுங்கும், வெள்ளை பூக்கும்.

யூவி ரெசின். லைட் அடித்தவுடன் இறுகும், அதனால் ஆசை வரும். வளையத்தின் காலுக்கு அடியிலும் கறுப்பு நூலுக்கு உள்ளேயும் லைட் போகாது. மேலே கல், உள்ளே இறுகாத பச்சை.

## ஒரே பார்வையில்

| | மெல்லிய எபொக்சி | தடித்த எபொக்சி | வார்னிஷ் | யூரித்தேன் |
|---|---|---|---|---|
| எத்தனை தரம் | 2–3 | 1–2 | 5–6 | 3–5 |
| முடிய | ஒரு கிழமைக்கு மேல் | ஒரு கிழமை | மூன்று கிழமை | ஒரு கிழமைக்கு மேல் |
| பொந்தை அடைப்பது | நன்று | பூசும் கையைப் பொறுத்தது | பல தரத்தில் | குறைவு |
| உரசல் | நன்று | மிக நன்று | நடுத்தரம் | மிக நன்று |
| வளைவு | நன்று | நுனியில் வெடிக்கலாம் | மிக நன்று | நன்று |
| கழற்றுவது | கஷ்டம் | மிகக் கஷ்டம் | லேசு | நடுத்தரம் |
| மாரியில் | பெட்டியும் பல்பும் | பெட்டியும் பல்பும் | தவிர்க்கவும் | ஒத்துவரும் |
| மோட்டர் | வேண்டும் | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் |

## நிறத்தைப் பற்றி ஒரு சொல்

சாதாரண நைலோன் நூலில் எந்தப் பூச்சு ஊறினாலும் நிறம் இருளும். வெள்ளையும் மஞ்சளும் கண்ணாடியாகி அடியில் இருக்கிற வளையத்தின் கால் தெரியும். அதைத் தடுக்க நிறக்காப்பு என்று ஒரு திரவம் முதலில் பூசலாம், ஆனால் அது நூலை நிரப்பிவிடுவதால் பின்னால் வருகிற பூச்சு உள்ளே ஊறாது. கடல் தடிக்கு எனக்கு அந்தப் பேரம் பிடிக்கவில்லை. நிறம் மாறாத வகை நூல் தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய பேனாத் தண்டில் அரை அங்குலம் சுற்றிப் பூசிப் பார்த்துவிட்டு நிறத்தைத் தீர்மானியுங்கள்.

## எந்தத் தடிக்கு எது

ஒலுவில், பொத்துவில் பக்கம் கரையில் நின்று வீசுகிற காபன் தடி, கொடுவாவுக்கும் சீலாவுக்கும் லூர் (போலி இரை) போடுகிற தடி: மெல்லிய எபொக்சி இரண்டு தரம். பாலத்திலும் போட்டிலும் அடிபடுகிற கனத்த தடிக்கு அடிப் பக்கத்து வளையங்களில் தடித்தது, நுனிப் பக்கத்தில் மெல்லியது. இரண்டையும் ஒரே தடியில் பாவிக்கலாம். மூங்கிலுக்கும் வாவித் தடிக்கும் வார்னிஷ், கச்சான் காலத்தில் தொடங்கி. முதல்முறை பூசுகிறவர் யாராக இருந்தாலும், எந்தத் தடியாக இருந்தாலும், மோட்டர் இல்லையென்றால் வார்னிஷ். பிழைத்தால் சீவிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

தம்பியின் தடிக்கு மெல்லிய எபொக்சிதான் போட்டோம். முதல் பூச்சை அவன் கையாலேயே பூச விட்டேன். ஊசி முனையால் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் பிரஷைத் தொட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் இரண்டாவது. தொட்டால் ஒட்டாது என்றாலும் முழுதாக இறுக ஏழு நாள் எடுக்கும், அதுவரை கடலுக்குக் கொண்டுபோகாதே என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் நாள் பின்னேரம் ஒரு படம் வந்தது. முகத்துவாரம், கையில் அந்தத் தடி, காலடியில் ஒரு பாரை.